இடைவேளையும் ஒரு நிகழ்ச்சிதான்

வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர்களின் சங்கம் ஏதாவது ஒன்று அச்சிட்ட ஆண்டுவிழா நோட்டீஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். காலை 9.30க்குத் தமிழ்த்தாய் வாழ்த்து. 9.35க்குக் குத்துவிளக்கு ஏற்றுதல். 9.45க்கு வரவேற்புரை. அதற்குப் பிறகு தலைமையுரை, ஆண்டறிக்கை, வாழ்த்துரை, மீண்டும் வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை போர்த்துதல், பரிசளிப்பு, குழந்தைகள் நடனம், பட்டிமன்றம், நன்றியுரை, நாட்டுப்பண். இத்தனைக்கும் நடுவில், எழுத்தின் அளவைக் குறைத்து, அடைப்புக்குறிக்குள் "தேநீர் இடைவேளை" என்று ஒரு வரி ஒதுங்கிக் கிடக்கும். சில நோட்டீஸ்களில் அதுவும் இராது.

நான் ரயில்வேயில் ஒரு எழுத்தன். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பு நின்றுவிட்டது. அலுவலக வேலை போக மிஞ்சும் நேரத்தில் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பி வருகிறேன். திருவனந்தபுரத்தில் தமிழர்கள் கூடும் கூட்டம் எதுவானாலும், பின்வரிசையில் குறிப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேடையில் பேசப்பட்டதை வைத்து நான் எழுதிய செய்திகளில் எதையும் ஒரு வாசகர் கூட நினைவு வைத்துக்கொண்டு என்னிடம் பேசியதில்லை. சாலை பஜாரில் ஒரு பழைய கடை மூடப்படுகிறது, ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியர் பணியிடம் காலியாகவே கிடக்கிறது என்பது போன்ற உருப்படியான செய்திகளெல்லாம் எனக்குக் கிடைத்த இடம், மண்டபத்தின் பின்புறம் தேநீர் ஊற்றும் மேஜைதான்.

எனவே கூட்டம் நடத்துகிறவர்கள் இடைவேளையை இளக்காரமாக நினைக்கக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். இதைச் சொல்லும் தகுதி எனக்குப் பிழை செய்து கிடைத்த தகுதி. அந்தப் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் தயாரித்த கால அட்டவணை

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சங்கத்தின் ஆண்டுவிழாவுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். "நீதான் ரயில்வேக்காரனாச்சே, நிமிஷக் கணக்கா போட்டுக் கொடு" என்றார் நிர்வாகி ஒருவர். எனக்கும் பெருமையாக இருந்தது. காலை 9.30 முதல் மாலை 6 வரை இருபத்து மூன்று நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு நிமிடம் கூட வீணாகாமல் கோத்துக் கொடுத்தேன். மாலை 4.10 முதல் 4.20 வரை தேநீர் இடைவேளை.

அந்த விழாவுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் ரயிலில் வந்திருந்தார். வாலிப வயதில் இங்கே சாலை பஜாரில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். அதே கடையில் அவரோடு ஒன்றாகத் தராசு பிடித்த நண்பர் ஒருவர் கரமனையில் குடியேறிவிட்டார். இருவரும் சந்தித்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதாம். நோட்டீஸில் நண்பரின் பெயர் பொன்னாடை பெறுவோர் பட்டியலில் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

நண்பர் முன்வரிசையில், கௌரவிக்கப்படுபவர்களுக்கான நாற்காலியில் இருந்தார். இவர் பின்னால், என் பக்கத்தில். மதியச் சாப்பாட்டுக்கு டோக்கன் கொடுத்திருந்தோம். நண்பருக்கு முதல் பந்தி. இவருக்கு இரண்டாம் பந்தி. முதல் பந்தி எழுந்ததும் அவர்களை நேராக அரங்கத்துக்கு அனுப்பிவிட்டோம், பட்டிமன்றம் தாமதமாகிறதே என்று. இதுவும் என் ஏற்பாடுதான்.

"தம்பி, அவன்கூட கொஞ்சம் பேசணும். இடையில எப்போ விடுவீங்க?" என்று பெரியவர் கேட்டார்.

நான் கையிலிருந்த தாளைப் பார்த்து, "நாலு பத்துக்கு டீ இருக்குய்யா. அப்போ பேசலாம்" என்றேன்.

நாலு பத்துக்குச் சிறப்புரை பாதி கூட முடியவில்லை. சிறப்பு விருந்தினர் காலையில் நாற்பது நிமிடம் தாமதமாக வந்ததால் எல்லாமே தள்ளிப் போயிருந்தது. நேரத்தை மிச்சப்படுத்த, தேநீரை அவரவர் நாற்காலிக்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிவிட்டோம். ஐந்து மணிக்குப் பெரியவர் ரயிலுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. நான் முன்வரிசைக்குப் போய் அவருடைய நண்பரை மெதுவாக எழுப்பிக் கூட்டி வந்தேன். இருவரும் வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றார்கள். ஒலிபெருக்கியின் சத்தத்தில் ஒருவர் பேசியது மற்றவருக்குக் கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு முன்பே கரமனைப் பெரியவர் காலமானார். நோட்டீஸில் என் தொலைபேசி எண் இருந்ததால், ஊரிலிருந்து அந்த நண்பர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். குறையாக ஒன்றும் சொல்லவில்லை. "பேச வேண்டியது கொஞ்சம் பாக்கி இருந்தது தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அன்றைய விழா பற்றி நான் அனுப்பிய செய்தியில், "நிகழ்ச்சிகள் யாவும் சிறப்பாக நடைபெற்றன" என்று எழுதியிருந்தேன்.

மறுபக்கத் தவறு

இந்த அனுபவத்துக்குப் பிறகு, மேடையே வேண்டாம் என்று சிலர் சேர்ந்து முடிவு செய்தோம். குடும்பங்களாகப் பேருந்து பிடித்து ஒரு நாள் பொன்முடிக்குப் போனோம். சொற்பொழிவு கிடையாது, நிகழ்ச்சி நிரலும் கிடையாது. எல்லோரும் மனம்போல இருக்கலாம் என்று அறிவித்தோம்.

நடந்தது என்ன? ஏற்கெனவே பழக்கமுள்ளவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து தங்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள். பையன்கள் கைபேசியோடு ஒதுங்கினார்கள். பெண்கள் குழந்தைகளைத் தேடுவதிலும், சாப்பாட்டுப் பாத்திரத்துக்குக் காவல் இருப்பதிலுமே நேரத்தைக் கழித்தார்கள். எப்போது சாப்பாடு என்று யாரும் சொல்லாததால், பாதிப் பேர் பசியோடு காத்திருக்க, மீதிப் பேர் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார்கள். வேலை மாற்றலாகிப் புதிதாக இந்த ஊருக்கு வந்திருந்த மூன்று குடும்பங்கள், யாரிடம் போய் என்ன பேசுவது என்று தெரியாமல் பெரும்பாலும் பேருந்திலேயே உட்கார்ந்திருந்தன. அவர்களில் இரண்டு குடும்பங்கள் அதன்பிறகு எங்கள் பக்கமே வரவில்லை.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது இதுதான். பழகியவர்களுக்குத்தான் வெறும் ஓய்வு நேரம் இனிக்கும். புதிதாக வந்தவருக்கு நிகழ்ச்சி நிரல் ஒரு கைப்பிடி. எங்கே உட்கார வேண்டும், எப்போது எழுந்திருக்க வேண்டும், அடுத்து என்ன என்று அது சொல்லிக் கொடுக்கிறது. அதை ஒரேயடியாகப் பறித்துவிட்டால் அவர் தனியாகி விடுகிறார். நிரலை நெருக்கினால் பழைய நண்பர்கள் பேச முடியாமல் போகிறார்கள். நிரலைக் கைவிட்டால் புதியவர்கள் நண்பர்களாக முடியாமல் போகிறார்கள். இரண்டுக்கும் நடுவே வழி உண்டா என்று யோசித்தபோது, நம் கண்ணெதிரே ஆண்டுதோறும் நடக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது.

ஆற்றுக்கால் சொல்லும் பாடம்

ஆற்றுக்கால் பொங்காலையைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கும்ப மாதம் பூரம் நட்சத்திரத்தில், பத்து நாள் திருவிழாவின் ஒன்பதாம் நாளில், லட்சக்கணக்கான பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு வைக்கிறார்கள். 1997லும் 2009லும் கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்ற கூட்டம் இது. 2009ல் கணக்கிடப்பட்ட எண்ணிக்கை 25 லட்சம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வரும் நம் பெண்களின் கூட்டத்தைச் சமாளிக்க, ரயில்வேயில் நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

இத்தனை பெரிய கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் எவ்வளவு தெரியுமா? இரண்டே இரண்டு நேரங்கள். ஒன்று அடுப்பு மூட்டும் நேரம். மற்றொன்று நைவேத்திய நேரம். 2024ம் ஆண்டில் காலை 10.30க்கு அடுப்பு மூட்டி, பிற்பகல் 2.30க்கு நைவேத்தியம் நடந்தது. இந்த இரண்டு நேரங்களையும் யாரும் மாற்ற முடியாது. அமைச்சர் வர நேரமாகிறது என்று அடுப்பு காத்திருக்காது. கோவிலில் தோற்றம் பாட்டில் கண்ணகி கதை பாடப்பட்டு, பாண்டியன் வதைபடும் கட்டம் முடிந்ததும் கருவறையிலிருந்து தீ எடுத்து வரப்படுகிறது. பண்டார அடுப்பு பற்றியதும் செண்டையும் வெடியும் குரவையும் கிளம்ப, மைல் கணக்கில் அடுப்புகள் பற்றிக்கொள்கின்றன.

நடுவில் இருக்கும் மூன்று நான்கு மணி நேரம் முழுவதும் அவரவர் கையில். ஆனால் அது வெறும் நேரம் அல்லவே! ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு இடம் இருக்கிறது: மூன்று செங்கல் வைத்த இடம். ஒரு வேலை இருக்கிறது: பானை பொங்கும் வரை பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த வேலை பேச்சைத் தடுக்காது. ஓலை தீர்ந்தால் பக்கத்து அடுப்பில் கேட்கலாம். தீப்பெட்டி நனைந்தால் கேட்கலாம். பானை பொங்கியதும் நைவேத்தியத்துக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது பேசாமல் யார் இருப்பார்கள்? என் மனைவிக்கு ஒரு பொங்காலையன்று பக்கத்து அடுப்பில் அறிமுகமான மார்த்தாண்டத்து அக்கா, இன்றைக்கு எங்கள் வீட்டு விசேஷங்களில் முதல் ஆளாக நிற்கிறார். அந்த அறிமுகத்தை எந்தக் கமிட்டியும் ஏற்பாடு செய்யவில்லை. இரண்டு பேரும் மூன்று மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்படி விழாவின் அமைப்பு இருந்தது, அவ்வளவுதான்.

கொரோனா காலத்தில் 2021லும் 2022லும் பொங்காலை அவரவர் வீட்டளவில் நின்றுபோனது. கோவிலில் அடுப்பு மூட்டும் நேரத்தில் வீட்டு முற்றத்தில் அடுப்பு மூட்டினார்கள்; நைவேத்திய நேரத்தில் நைவேத்தியம் செய்தார்கள். நிகழ்ச்சி நிரல் என்று பார்த்தால் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும், "பொங்காலை போட்ட மாதிரியே இல்லை" என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். குறைந்தது என்னவென்று யோசித்துப் பார்த்தேன். நிரலில் எழுதப்படாத அந்த மூன்று மணி நேரம்தான் குறைந்திருந்தது.

தெய்வங்களுக்கும் ஓய்வு உண்டு

எல்லாக் கூட்டமும் பொங்காலை போல் தளர்வாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதே ஊரில் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் நடக்கும் கச்சேரிகளைப் பாருங்கள். மாலை 6க்குத் தொடங்கி 8.30க்கு முடியும். அந்தந்த நாளுக்கென்று சுவாதித் திருநாள் கீர்த்தனை உண்டு. கை தட்டக்கூடாது. அங்கே யாரும் இடைவேளை கேட்பதில்லை, கேட்கவும் தோன்றாது. ஏனென்றால் அது சரஸ்வதிக்குச் செலுத்தும் காணிக்கை. நாம் ஒருவரை ஒருவர் சந்திப்பதற்காக அங்கே போவதில்லை.

ஆனால் அதே நவராத்திரியின் முழு ஏற்பாட்டையும் கவனியுங்கள். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் புறப்பட்டு, வழியில் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி இங்கே வந்து சேர்கிறார்கள். 1956ல் மாநில எல்லை மாறிய பிறகும் இந்த ஊர்வலம் நிற்கவில்லை. ஒன்பது நாள் பூஜையும், பிறகு விஜயதசமியும் முடிந்த மறுநாளே திரும்பிவிடுவதில்லை. "நல்லிருப்பு" என்று ஒரு நாள் இருந்துவிட்டுத்தான் புறப்படுகிறார்கள். கட்டுப்பாடான விழாவை வகுத்த நம் முன்னோர்கள், அந்த ஓய்வு நாளுக்கும் ஒரு பெயர் வைத்து நிரலிலேயே சேர்த்திருக்கிறார்கள். பெயர் வைத்ததால்தான் யாரும் அதில் கை வைப்பதில்லை.

இடைவெளியில் பிறந்த மன்றம்

படித்தவர்களின் மாநாடு வேறு, உங்கள் பொங்காலை வேறு என்று யாராவது சொல்லலாம். அவர்களுக்கு 1964 ஜனவரியை நினைவூட்ட விரும்புகிறேன். டில்லியில் 26வது உலகக் கீழைநாட்டியல் மாநாடு நடந்தது. பல நாட்டு அறிஞர்கள் கட்டுரை வாசிக்கக் கூடியிருந்தார்கள். தமிழில் ஈடுபாடுள்ளவர்களை மட்டும் தனியே அழைத்துப் பேசலாம் என்று தனிநாயக அடிகளும், அன்றைக்குத் திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் பணியாற்றிய வ.அய். சுப்பிரமணியமும் முன்னின்று ஒரு கூட்டம் கூட்டினார்கள். ஜனவரி 7ந் தேதி கூடிய அந்தத் தனிக்கூட்டத்தில்தான் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. அதன் விளைவாக 1966ல் கோலாலம்பூரிலும், 1968ல் சென்னையிலும் உலகத் தமிழ் மாநாடுகள் நடந்தன.

மாநாட்டின் அமர்வுகள் அந்த அறிஞர்களை டில்லிக்கு வரவழைத்தன. அமர்வுகளுக்கு வெளியே கிடைத்த நேரம் அவர்களை ஒன்றுசேர்த்தது. இரண்டில் எது இல்லாவிட்டாலும் காரியம் நடந்திராது.

அரசியல் தலைவர்களும் இதை அறிந்தவர்களே. 1983 நவம்பரில் இந்திரா காந்தி தலைமையில் டில்லியில் காமன்வெல்த் தலைவர்களின் மாநாடு நடந்தபோது, நடுவில் எல்லோரையும் கோவாவுக்கு அழைத்துச் சென்றார்கள். கனடாவில் 1973ல் நடந்த மாநாட்டிலிருந்து வந்த வழக்கம் இது. மேடைப் பேச்சில்லாமல் தலைவர்கள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேசட்டும் என்பது நோக்கம். நாட்டை ஆள்கிறவர்களுக்கே அப்படி ஓர் அவகாசம் தேவைப்படும்போது, வருஷத்துக்கு ஒருமுறை கூடும் சாதாரணக் குடும்பங்களுக்கு வேண்டாமா?

ரயில் எப்படி ஓடுகிறது?

நிமிஷக் கணக்காகப் போட்டுக் கொடுத்தபோது, என் சொந்தத் தொழிலின் முதல் பாடத்தையே நான் மறந்திருந்தேன். ரயில் வண்டியின் கால அட்டவணையில் ஒரு நிமிடம் கூட இடைவெளி இல்லாமல் இருப்பதாகப் பொதுமக்கள் நினைக்கிறார்கள். உண்மை அப்படியல்ல. தண்டவாள வேலை நடக்கும் இடங்களில் மெதுவாகப் போக வேண்டியிருக்கும் என்று அதற்காகச் சில நிமிடங்கள் ஒதுக்குவார்கள். வழியில் ஏற்படும் தாமதத்தை ஈடுசெய்ய வேறு சில நிமிடங்களும் உண்டு. கடைசி நிலையத்தை நெருங்கும்போது, குறைந்த தூரத்துக்கு அதிக நேரம் காட்டியிருப்பதை அடிக்கடி பயணம் செய்கிறவர்கள் கவனித்திருப்பார்கள். அந்த உபரி நேரம் இருப்பதால்தான், நடுவழியில் பத்து நிமிடம் நின்ற வண்டியும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர முடிகிறது.

அந்த நேரத்தை வைத்திருப்பது பயணிகளுக்காக. நம் சங்கங்களில் நடப்பதோ நேர்மாறு. சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தால், அந்த நாற்பது நிமிடத்தை எங்கே கழிக்கிறோம்? அவருடைய பேச்சில் கழிப்பதில்லை. வாழ்த்துரைகளில் கழிப்பதில்லை. தேநீரிலும் சாப்பாட்டிலும் கழிக்கிறோம். அதாவது, தாமதம் செய்தவரின் கடனை, நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பவர் அடைக்கிறார். எந்த இடைவேளை குறைக்கப்படாமல் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லையோ, அந்த இடைவேளை இல்லாததற்குச் சமம்.

ஆட்சேபணைகள்

இதைச் சொன்னால் நிர்வாகிகள் இரண்டு ஆட்சேபணைகள் சொல்வார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு.

முதலாவது பணம். நன்கொடை கொடுத்தவரை மேடையேற்றிப் பேசவைக்காவிட்டால் அடுத்த ஆண்டு நன்கொடை வராது என்பார்கள். மண்டப வாடகை, மைக் செட், சாப்பாடு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நன்கொடையாளருக்கு வேண்டியது மரியாதை. எழுந்து போகக் காத்திருக்கும் கூட்டத்தின் முன் பத்து நிமிடம் பேசுவதைவிட, அவரைப் பந்தியில் நடுவில் உட்காரவைத்து, நாலு பேரை அறிமுகப்படுத்தி, குழந்தைகளை அவர் கையால் பரிசு வாங்கச் செய்வது பெரிய மரியாதையாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது, இடைவேளை விட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்பது. கலையத்தான் செய்யும், அடுத்து என்ன, எப்போது என்று தெரியாவிட்டால். "பன்னிரண்டு மணிக்குக் குழந்தைகள் நிகழ்ச்சி" என்று அறிவித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கே தொடங்கிப் பாருங்கள். பெற்றோர் யாரும் வெளியே நிற்கமாட்டார்கள். பொங்காலையில் நைவேத்திய நேரத்துக்கு யாரும் அடுப்பை விட்டுப் போவதில்லை அல்லவா?

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போதுதான் விஷயத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தெருவில் மலையாளம் பேசுகிறார்கள். வீட்டில் அப்பா அம்மாவோடு பேசும் நாலு வார்த்தைதான் அவர்களுடைய தமிழ். ஆண்டுவிழாவுக்கு அழைத்து வந்து ஆறு மணி நேரம் நாற்காலியில் உட்காரவைத்தால், அவர்கள் தமிழைக் கேட்கிறார்கள். பேசுவதில்லை. இன்னொரு வீட்டுப் பாட்டியிடம், "எந்த ஊரு பாட்டி?" என்று கேட்கவும், "யாரு வீட்டுப் பிள்ளைடா நீ?" என்று அவர் திருப்பிக் கேட்கவும் ஒரு அரைமணி நேரம் கிடைத்தால், அது எந்தச் சொற்பொழிவுக்கும் குறைந்ததல்ல. மொழி காப்போம் என்று மேடையில் முழங்கிக்கொண்டே, அந்த மொழியில் இரண்டு பேர் பேசிக்கொள்ளும் நேரத்தை நாமே வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

என்ன செய்யலாம்?

காலை 10 முதல் மாலை 4 வரை ஆறு மணி நேரக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஒன்றரை மணி நேரம் மேடை நிகழ்ச்சி: வரவேற்பு, அறிக்கை, ஒரே ஒரு சிறப்புரை. 11.30க்கு அரைமணி நேரம் தேநீர். 12 முதல் 1 வரை குழந்தைகள் நிகழ்ச்சி. 1 முதல் 2.30 வரை சாப்பாடும் பேச்சும். அதன்பின் ஒரு மணி நேரம் பட்டிமன்றமோ இசையோ, சுருக்கமான நன்றியுரையோடு. 3.30க்கு மீண்டும் தேநீர். 4 மணிக்கு நாட்டுப்பண். கணக்குப் பார்த்தால் மேடைக்கு மூன்றரை மணி. மக்களுக்கு இரண்டரை மணி. இதை அப்படியே பின்பற்ற வேண்டும் என்பதில்லை. ஏறக்குறைய இந்த விகிதம் இருந்தால் போதும்.

இடைவேளைகளை அடைப்புக்குறிக்குள் போடாமல், சிறப்புரைக்கு உள்ள அதே எழுத்தில் நோட்டீஸில் அச்சிடுங்கள். தாமதம் ஏற்பட்டால் பேச்சில்தான் குறைப்போம், இடைவேளையில் குறைப்பதில்லை என்று கமிட்டிக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு, பேச்சாளர்களுக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். இடைவேளையின்போது ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள். பாட்டுப் போட்டால் பேச்சு கேட்காது.

புதியவர்களை மறக்க வேண்டாம். பொங்காலை அடுப்பு போல ஒவ்வொருவருக்கும் ஒரு இடமும் சிறு வேலையும் கொடுங்கள். புதிதாக வந்தவரை இலை போடவோ, தண்ணீர் ஊற்றவோ கூப்பிடுங்கள். கையில் தண்ணீர்ச் செம்போடு ஒரு பந்தியைச் சுற்றி வந்தவருக்கு நாற்பது பேரின் முகம் தெரிந்துவிடும். ஊர்வாரியாக மேஜை போட்டு, "தென்காசிப் பக்கம்", "குமரிப் பக்கம்", "மதுரைப் பக்கம்" என்று அட்டை எழுதி வைத்தால் போதும். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இளைஞர்களில் இரண்டு பேரை, தனியாக நிற்பவர் யார் என்று பார்த்து அழைத்து வருவதற்கென்றே நியமிக்கலாம்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர் யார், எந்த ரயிலில் திரும்புகிறார், யாரைப் பார்க்க வந்திருக்கிறார் என்று வரவேற்பு மேஜையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும்தான் செலவு. அன்றைக்கு அந்தத் திருநெல்வேலிப் பெரியவரிடம் காலையிலேயே நாங்கள் இப்படிக் கேட்டிருந்தால், இரண்டு பேரையும் ஒரே பந்தியில் அடுத்தடுத்த இலையில் உட்காரவைத்திருக்கலாம்.

இப்போதும் சில சங்கங்கள் நிகழ்ச்சி நிரல் தயாரிக்க என்னைக் கூப்பிடுகின்றன. தாளில் முதலில் சாப்பாட்டு நேரத்தையும் தேநீர் நேரங்களையும் எழுதிக்கொள்கிறேன். மிச்சமிருக்கும் இடத்தில்தான் வாழ்த்துரைகளைப் போடுகிறேன். சில பேச்சாளர்களுக்கு என்மேல் வருத்தம் உண்டு. அவர்களுக்கு மறுபடியும் மேடை கிடைக்கும். பேச வேண்டியதைப் பாக்கி வைத்துவிட்டு ரயிலேறிப் போகிறவருக்கு அடுத்த ஆண்டு அந்த நண்பர் இருப்பார் என்று யார் உறுதி சொல்ல முடியும்?